கடல் கடந்து வந்த கட்டடக் கலைஞர்கள்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அப்படிச் சொன்னவர்கள் பெரும்பாலும் தம் மனைக்கு எதிரே நிழலில் அமர்ந்து, கொத்தனாரையும் சித்தாளையும் நாள்தோறும் கண்ணால் கண்டு வேலை வாங்கியவர்கள். பிழைப்பின் பொருட்டுத் தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ இருந்துகொண்டு, சொந்த ஊரில் ஒரு வீடு கட்ட முனைந்த நம்மவர்க்கோ அப்பழமொழியின் பொருள் இன்னும் ஒரு மடங்கு கூடுதலாகத் தெரியும். முன்பெல்லாம் கடிதமும் மணியார்டரும் போய்க்கொண்டிருந்தன. இப்போது கைப்பேசியில் படம் வந்து சேருகிறது. ஆயினும் கவலை மாறவில்லை. சுவர் நூல் பிடித்து எழுகிறதா? கலவையில் சிமெண்டு சரியாக விழுந்ததா? நாம் வரைந்து அனுப்பிய சன்னல் தென்றல் வரும் பக்கத்தில்தான் அமைந்ததா? இவற்றைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஓர் ஆள் அங்கே இருக்கிறாரா என்பதே கடைசியில் எல்லாக் கேள்விகளுக்கும் விடையாக நிற்கிறது.

நாம் இங்கே சொல்லப் புகுவதும் அத்தகைய ஒரு வேலையின் வரலாறுதான். ஆனால் அளவும் திசையும் வேறு. மனை இந்தியாவில் இருந்தது. அதற்கு வேண்டிய கட்டடக் கலைஞர் கடலுக்கு அப்பால் இருந்தனர். மனைக்குச் சொந்தக்காரர் பஞ்சாப் மாநில அரசாங்கம். எழுப்ப வேண்டியிருந்ததோ ஒரு தலைநகரம். சண்டிகர் என்றதும் லே கார்பூசியே என்ற ஒரு பெயரைச் சொல்லி நம்மிற் பலர் கதையை முடித்துவிடுகிறோம். யாரை, எந்த நிபந்தனையின்மேல், எவ்வளவு காலத்துக்கு அமர்த்தினார்கள் என்னும் கணக்கை எடுத்துப் பார்ப்பவர் சிலரே. அந்தக் கணக்கைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

1947ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்றபோது பஞ்சாப் இரண்டாகப் பிளந்தது. பஞ்சாபியரின் கல்விக்கும் கலைக்கும் வாணிகத்துக்கும் நிலைக்களனாயிருந்த லாகூர் பாகிஸ்தானைச் சேர்ந்தது. இந்தியப் பகுதிக்குத் தலைநகரம் என்று ஒன்று இல்லாமற் போயிற்று. அரசாங்க அலுவலகங்கள் சிம்லாவிலும் பிற ஊர்களிலும் கிடைத்த இடத்தில் இயங்கின. இழந்த லாகூருக்கு ஈடாக, இருக்கின்ற நகரம் ஒன்றைப் பெரிதாக்குவதா, அன்றிப் புதிதாகவே ஒன்றை அமைப்பதா என்று ஆராய்ந்து, புதிய நகரமே வேண்டும் என்று முடிவு செய்தனர். 1948இல் சிவாலிக் மலையின் அடிவாரத்தில், மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் இரண்டு ஆறுகளுக்கு இடையே இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அருகிலிருந்த சண்டி கோவிலின் பெயரால் நகருக்குச் சண்டிகர் என்று பெயர் வந்தது. இந்த வேலையை நடத்தும் பொறுப்பு இருவர் கையில் இருந்தது. ஒருவர் நிருவாக அதிகாரி பி. என். தாப்பர்; மற்றவர் தலைமைப் பொறியாளர் பி. எல். வர்மா.

கோபுரங்களும் கோட்டைகளும் கட்டிய நாட்டில் ஒரு நகரம் அமைக்க ஆள் இல்லையா என்று கேட்கத் தோன்றும். நல்ல பொறியாளர் இருந்தனர். கைதேர்ந்த கொத்தர் இருந்தனர். ஆனால் பல இலட்சம் மக்கள் வாழும் நகரத்தைத் தண்ணீர்க் குழாய், சாக்கடை, பள்ளிக்கூடம், சந்தை, சாலை எல்லாவற்றோடும் வெறும் வயலின்மேல் முழுமையாக வகுத்துத் தரும் பழக்கம் பெற்ற கட்டடக் கலைஞர் அன்று மிகச் சிலரே. அவ்வளவு பெரிய வேலை நம்மவர்க்கு அதுவரை யாரும் கொடுத்ததில்லை என்பதும் உண்மை. 1911இல் தில்லியைத் தலைநகராக்க முடிவு செய்து, 1931இல் புதுதில்லியைத் திறந்து வைத்தபோது அதை வகுத்த லட்யன்ஸும் பேக்கரும் ஆள்வோரின் பிரதிநிதிகளாக வந்தவர்கள். அவர்கள் கட்டியதை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 1949இல் நிலைமை தலைகீழாயிற்று. இம்முறை தேர்ந்தெடுப்பவர் நாம். கூலி கொடுப்பவர் நாம். நிபந்தனை எழுதுபவரும் நாமே. அயல்நாட்டுக் கலைஞரை ஒரு சுதந்தர நாட்டின் மாநில அரசு தன் விருப்பப்படி அமர்த்திக்கொண்டது என்ற அளவில் சண்டிகரின் ஒப்பந்தம் நம் வரலாற்றில் ஒரு புதிய ஏடு.

முதலில் அமர்த்தப்பட்டவர் நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் மேயர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் பொறியாளராக இந்தியாவுக்கு வந்தவர். நேருவோடு பழகியவர். உத்தரப் பிரதேசத்தில் எட்டாவா மாவட்டத்துக் கிராமங்களில் நடந்த புனரமைப்பு வேலைக்கு வழிகாட்டியவர். ஆகவே இந்த நாட்டின் வெயிலையும் மழையையும் ஓரளவு அறிந்தவர். சாலைகள் மெல்ல வளைந்து செல்ல, விசிறி விரித்தாற்போல் பரந்து கிடக்கும் ஒரு நகரத்தை அவர் வரைந்தார். ஆனால் மேயர் நியூயார்க்கை விட்டு வந்து தங்க இயலாதவர். எனவே களத்திலிருந்து கட்டடங்களைக் கவனிக்க, மாத்யூ நொவிட்ஸ்கி என்பவரைத் துணையாகச் சேர்த்துக்கொண்டார்.

நொவிட்ஸ்கி போலந்து வம்சத்தவர். அமெரிக்காவில் கட்டடக் கலைப் பேராசிரியராயிருந்தவர். 1950ஆம் ஆண்டுக் கோடையில் அவர் இந்தியாவுக்கு வந்து தங்கி, இங்குள்ள வீடுகளையும் தெருக்களையும் கூர்ந்து பார்த்துப் படம் படமாக வரைந்து தள்ளினார். களத்திலேயே குடியிருந்து, இந்திய இளைஞரைப் பழக்கி, நகரத்தை எழுப்பும் பொறுப்பு அவருடையது என்றே எல்லோரும் கருதினர். ஆனால் அவர் அமெரிக்காவுக்குத் திரும்பிச் சென்ற விமானம், 1950 ஆகஸ்டு 31ஆம் நாள், கெய்ரோவிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்தில் தீப்பற்றி விழுந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். நொவிட்ஸ்கிக்கு அப்போது வயது 40. மேயரின் வரைபடம் இருந்தது, மேயரும் இருந்தார். ஆனால் மனையில் நிற்க ஆள் இல்லை. அந்த ஒரு குறையே முழு ஏற்பாட்டையும் அசைத்துவிட்டது. அன்றியும் அக்காலத்தில் அமெரிக்க டாலர் நம் நாட்டில் அரிய பண்டம். ஆதலால் ஐரோப்பாவில் ஆள் தேடுவது என்று தீர்மானித்தனர்.

அந்த ஆண்டின் இறுதியில் தாப்பரும் வர்மாவும் கப்பலேறிய மணமகன் வீட்டாரைப்போல் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டுச் சென்றனர். அவர்கள் தேடியது பெயர் பெற்ற ஒருவரை மட்டுமன்று. வருபவர் நம்மோடு இருக்க வேண்டும். மூன்றாண்டுகளாவது தங்க வேண்டும். தங்கி, நம் இளைஞர்க்குத் தொழிலைக் கற்றுத்தர வேண்டும். நொவிட்ஸ்கியை இழந்தவர்கள் இதை வற்புறுத்தியதில் வியப்பில்லை. லண்டனில் மாக்ஸ்வெல் ஃபிரையையும் அவர் மனைவி ஜேன் டுரூவையும் கண்டனர். இவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் வேலை செய்து, வெப்ப நாட்டில் வீடு கட்டும் வகையை அனுபவத்தால் கற்றவர்கள். பேச்சினிடையே லே கார்பூசியேயின் பெயரும் அடிபட்டது. அவர் வந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டபோது, பெருமையெல்லாம் உங்களுக்கு, எனக்கு எவ்வளவு துன்பமோ தெரியாது என்னும் கருத்துப்படத் தாம் விடை சொன்னதாக ஃபிரை பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அந்த விடையில் கசப்பும் உண்டு, பெருந்தன்மையும் உண்டு.

லே கார்பூசியே சுவிட்சர்லாந்தில் 1887இல் பிறந்து பாரிஸில் நிலைகொண்டவர். சார்ல் எதுவார் ஜானரே என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர். நகரம் எப்படி இருக்க வேண்டும் என்று முப்பதாண்டு காலம் எழுதியும் பேசியும் வந்த அவருக்கு, ஒரு நகரத்தையாவது கட்டித் தரும்படி எந்த அரசாங்கமும் அதுவரை சொன்னதில்லை. வயது 63 ஆகியிருந்தது. அத்தகையவரிடம், பாரிஸை விட்டு வந்து இந்தியாவில் குடியிரும் என்று கேட்டபோது அவர் முடியாது என்றார். தம் பணியறையில் அமர்ந்தே உங்கள் தலைநகரத்தை வரைந்து தரமுடியும் என்பது அவர் கட்சி. வந்தவர்களோ, மனையில் ஆள் இல்லாத ஏற்பாட்டுக்கு நாங்கள் உடன்படோம் என்று நின்றனர்.

இந்த வழக்குக்குக் கிடைத்த தீர்வுதான் சண்டிகரின் அடிக்கல். 1950 டிசம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, லே கார்பூசியே கட்டடக் கலை ஆலோசகர். ஆண்டுக்கு இரு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மாதம், அவர் இந்தியாவுக்கு வருவார். நகரத்தின் தலைமைக் கட்டடங்களை வரைந்து தருவார். ஃபிரையும் டுரூவும் மூன்றாண்டுகள் களத்தில் தங்குவர். அவர்களோடு இன்னொருவரும் தங்குவார். லே கார்பூசியே தம் ஏற்பாட்டிற் சேர்த்துக்கொண்ட அவர் பெயர் பியேர் ஜானரே. சிற்றப்பன் பெரியப்பன் மக்கள் என்னும் முறையில் அவருக்கு உறவினர். முன்பு ஏறத்தாழ இருபதாண்டு ஒரே பணியறையில் கூட்டாளியாயிருந்து, போர்க்காலத்தில் கருத்து வேறுபட்டுப் பிரிந்தவர். ஆக, ஒரே ஒப்பந்தத்தில் இருவகை மனிதர் வந்து சேர்ந்தனர். ஒரு வகையினர் வந்து போகிறவர். மற்றொரு வகையினர் வந்து இருக்கிறவர்.

1951 பிப்ரவரியில் லே கார்பூசியே முதன்முறையாக இங்கே வந்தார். சிம்லாவுக்குச் செல்லும் சாலையில் ஒரு விடுதியில் எல்லோரும் கூடினர். மேயரின் வரைபடம் மேசைமேல் விரிந்தது. மேயர் வந்து சேருவதற்குச் சற்றுக் காலந் தாழ்ந்தது. அதற்குள் லே கார்பூசியே கரித்துண்டைக் கையில் எடுத்துவிட்டார். சில நாட்களுக்குள் வளைந்த சாலைகள் நிமிர்ந்தன. விசிறி வடிவம் கட்டமாயிற்று. ஏறக்குறைய 1,200 மீட்டர் நீளமும் 800 மீட்டர் அகலமும் உள்ள பகுதிகளாக நகரம் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதியிலும் பள்ளி, கடைத்தெரு, பசும்புல் வெளி எல்லாம் அமையும். விரைந்து செல்லும் வண்டிகள் பகுதிக்குள் நுழையாமல் வெளிச்சாலையிலேயே ஓடும். முதலில் 1,50,000 மக்களுக்கு. பின்னர் 5,00,000 மக்களுக்கு. தனித்தனிப் பேட்டைகளாக வாழும் முறையும், நடுவே ஓடும் பசுமை வெளியும், தலைமைக் கட்டடங்கள் மலையை நோக்கி நிற்கும் கருத்தும் மேயரின் திட்டத்திலேயே இருந்தவை. அவற்றுக்கு அவர் பெயர் இன்று வழங்கவில்லை. களத்தில் இல்லாதவர்க்கு நேர்வது இது.

வரைபடத்தில் வெறுமையாகக் காட்டிய நிலம் உண்மையில் வெறுமையாயிருக்கவில்லை. மாந்தோப்பும் கோதுமை வயலும் கிணறும் உடைய கிராமங்கள் அங்கே இருந்தன. நகரத்துக்காக அந்த உழவர் நிலத்தையும் வீட்டையும் விட்டுப் பெயர வேண்டியிருந்தது. அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தும் பார்த்தனர். பிரிவினையால் வீடிழந்து வந்தவர்க்கு இடந்தர, இருந்தவர் வீடிழந்தனர். ஒப்பந்தத்தில் அவர்கள் கையொப்பம் கேட்கப்படவில்லை. சண்டிகரின் பெருமையைப் பேசும்போதெல்லாம் இதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

நகரத்தில் நூற்றுக்கு மிகப் பெரும்பங்கு வீடுகளே. அவற்றை வரைந்தவர்கள் களத்திலிருந்த மூவரும் அவர்களுடைய இந்தியத் துணைவரும்தான். அரசாங்க ஊழியர்க்கு, முதலமைச்சர் முதல் கடைநிலை ஏவலர் வரை, சம்பளத்துக்கு ஏற்றபடி 13 வகை வீடுகள் வேண்டும் என்று கேட்கப்பட்டது. சிமெண்டும் இரும்பும் அருமை, செங்கல் மலிவு. ஆகவே வீடுகள் செங்கல்லால் எழுந்தன. சன்னலுக்குப் பதில் செங்கல்லையே துளை துளையாக அடுக்கிக் காற்றை உள்ளே விட்டு வெயிலை வெளியே நிறுத்தினர். கோடையில் மக்கள் முற்றத்திலும் மொட்டை மாடியிலும் படுத்து உறங்குவர் என்பதை மேசையின் முன் அமர்ந்து கண்டுபிடிக்க முடியாது. அங்கே ஒரு கோடையைக் கழித்தவர்க்கே தெரியும். மிகக் குறைந்த சம்பளக்காரரின் வீட்டிலும் இரண்டு அறை, சமையலறை, குளியலறை, கழிப்பிடம், சிறு முற்றம் ஆகியவை இருக்க வேண்டும் என்று நின்று சாதித்தனர். அந்த எளிய வீடுகளில் ஜேன் டுரூவின் உழைப்பு மிகுதி. முதலில் குடியேறிய 22ஆம் பகுதிக்குச் சென்று பார்ப்பவர், புகழ்பெற்ற கட்டடங்களில் காண முடியாத ஓர் இதத்தை அங்கே உணரலாம்.

புகழ்பெற்ற கட்டடங்களோ நகரின் வடக்கெல்லையில், மலையைப் பின்னணியாகக் கொண்டு நிற்கின்றன. 1955இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றம்; 254 மீட்டர் நீளமுள்ள தலைமைச் செயலகம்; 1960களின் முற்பகுதியில் முடிவுற்ற சட்டமன்றம். இவை லே கார்பூசியேயின் கையெழுத்து. பூச்சும் மெருகும் இல்லாத கான்கிரீட்டில் அவற்றை வார்த்தனர். இயந்திரம் மிகக் குறைவு. தலையில் கூடை சுமந்த பெண்கள் சாரத்தின்மேல் வரிசையாக ஏறி, கூடை கூடையாகக் கலவையைக் கொட்டினர். பலகையின் வரியும் ஆணியின் தழும்பும் அப்படியே சுவரில் பதிந்தன. பார்ப்பவர் மலைக்கத்தக்க கட்டடங்கள் அவை. எனினும் அங்கே நாள்தோறும் வேலை செய்தவர்க்குக் குறைகளும் தெரிந்தன. உயர்நீதிமன்றத்தின் அறைகளுக்கு முன் வெயிலையும் சாரலையும் தடுக்கும் தாழ்வாரம் முதலில் இல்லை, பின்னரே சேர்க்கப்பட்டது. கட்டடங்களுக்கு இடையே விட்ட பெருந்திடலைச் சித்திரை வெயிலில் நடந்து கடப்பது எளிதன்று. நீதிமன்ற அறைகளில் ஒலி எதிரொலித்துக் குழம்பாதிருக்க லே கார்பூசியே வரைந்த 9 பெரிய கம்பளத் திரைகளைக் காஷ்மீர நெசவாளர் நெய்து கொடுத்தனர். அவற்றின் அழகை ஏற்காத நீதிபதிகளும் இருந்தனர். ஆண்டுக்கு இரண்டு மாதம் வந்து போகும் ஒருவருக்கும், ஆண்டு முழுவதும் அங்கே வாழும் மக்களுக்கும் இடையே இருந்த தொலைவு இத்தகைய இடங்களில் தலைகாட்டிற்று.

அந்தத் தொலைவை நாள்தோறும் குறைத்து வந்தவர் பியேர் ஜானரே. பாரிஸிலிருந்து வரும் வரைபடத்தைக் களத்துக்கு ஏற்ப விளக்கியவர் அவர். களத்தின் செய்தியை மீண்டும் பாரிஸுக்கு எழுதியவரும் அவரே. ஃபிரையும் டுரூவும் தம் மூன்றாண்டுத் தவணை முடிந்து 1954க்குள் விடைபெற்றனர். அது ஒப்பந்தப்படி முறையே. ஜானரே போகவில்லை. தவணை முடிந்த பின்னும் தங்கினார். நகரத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராயினார். பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் நீரின் நடுவே தாமரைபோல் நிற்கும் காந்தி பவன் அவர் வரைந்தது. பள்ளிகளும் வீடுகளும் பல. அலுவலகங்களுக்கு நாற்காலி, மேசை தேவைப்பட்டபோது, விலையுயர்ந்த இறக்குமதிச் சாமான் வேண்டாம் என்று, தேக்கையும் பிரம்பையும் கொண்டு உள்ளூர்த் தச்சர் செய்யத்தக்க எளிய வடிவங்களை அமைத்துத் தந்தார். 1958இல் சுக்னா ஓடைக்கு அணையிட்டு ஏரி உண்டாக்கியபோது, அதில் மிதக்கத் தாமே படகு வடிவமைத்து ஓட்டி மகிழ்ந்தார். புகழுக்கு அவர் முந்தியதாகத் தெரியவில்லை. அவர் குடியிருந்த 5ஆம் பகுதியிலுள்ள வீடு இன்று அவர் நினைவுக்கூடமாக இருக்கிறது.

1965ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சண்டிகரின் வரலாற்றில் மறக்கவொண்ணாதது. உடல்நலம் குன்றிய ஜானரே, ஏறத்தாழ 14 ஆண்டுகள் வாழ்ந்த ஊரை விட்டு அந்த மாதம் புறப்பட்டார். அதே மாதம் 27ஆம் நாள், பிரான்சின் தென்கரையில் கடலில் நீந்தப் போன லே கார்பூசியே உயிர் நீத்தார். ஜானரே ஜெனீவாவில் 1967 டிசம்பரில் காலமானார். அவர் விருப்பப்படி அவருடைய அஸ்தியை 1970இல் உறவினர் கொண்டுவந்து சுக்னா ஏரியில் கரைத்தனர். அயல்நாட்டிலிருந்து கூலிக்கு அமர்த்தப்பட்ட ஒருவர், தம் கடைசித் துகளும் அந்த ஊர் நீரில் சேரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எந்த ஒப்பந்தமும் இதை எழுதி வாங்க முடியாது.

தாப்பரும் வர்மாவும் விதித்த மற்றொரு நிபந்தனையும் பலித்தது. இந்திய இளைஞர் பலர் அந்தப் பணியறையில் பயின்றனர். எம். என். சர்மா, ஆதித்ய பிரகாஷ், ஊர்மிளா யூலி சௌத்ரி, ஜீத் மல்கோத்ரா முதலியோர் அவர்களிற் சிலர். ஊர்மிளா சௌத்ரி, பெண்கள் இத்துறையில் அரிதாயிருந்த காலத்தில் அங்கே பணிபுரிந்தவர். ஜானரே விடைபெற்றபோது அவர் இடத்தில் அமர்ந்தவர் எம். என். சர்மா, சண்டிகரின் தலைமைக் கட்டடக் கலைஞரான முதல் இந்தியர். 1961இல் அங்கேயே ஒரு கட்டடக் கலைக் கல்லூரியும் தோன்றிவிட்டது. பத்தாண்டுக்கு முன் கடல் கடந்து ஆள் தேடிப் போன ஊர், தன் பிள்ளைகளுக்குத் தானே அத்தொழிலைக் கற்பிக்கத் தொடங்கிற்று. வெளியிலிருந்து அறிஞரை வரவழைப்பதன் பயன் வேறு எதனால் அளக்கப்படும்?

களத்தில் தங்குபவரை வைத்தே வேலை சிறக்கிறது என்பதற்குச் சண்டிகருக்கு முந்திய சான்று ஒன்று நம் தமிழ் மக்கள் வாழும் புதுச்சேரியில் உண்டு. அப்போது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அவ்வூரில், அரவிந்தர் ஆசிரமத்தார் தம் அடியார் தங்கும் விடுதி ஒன்றைக் கட்ட, 1935இல் அன்டோனின் ரேமண்டு என்பவரை நாடினர். அவர் போஹிமியாவில் பிறந்து, தோக்கியோவில் தொழில் நடத்தி வந்தவர். அவரும் வந்து சில மாதம் தங்கினார்; எனினும் களத்தில் நின்று வேலையை நடத்தியவர்கள் அவருடைய உதவியாளரான ஜார்ஜ் நாகஷிமாவும் பிரான்டிஷெக் சாம்மரும். சாம்மர் முன்னர் லே கார்பூசியேயிடமே பணியாற்றியவர் என்பது சுவையான செய்தி. ஆசிரமவாசிகளே வேலை கற்றுக் கூடி உழைத்தனர். கான்கிரீட்டு நம் நாட்டில் புதுமையாயிருந்த அந்நாளில், சுவருக்குப் பதில் திறந்து மூடும் பலகை அடுக்குகளை வைத்துக் கடற்காற்றை அறை முழுவதும் உலவவிட்ட கோல்கொண்டா விடுதி 1940களில் நிறைவெய்திற்று. புதுச்சேரியின் புழுக்கத்தில் இன்றும் அது குளிர்ந்து நிற்கிறது. நாகஷிமா பின்னாளில் அமெரிக்காவில் மரத்தில் மேசை நாற்காலி செய்து உலகப் புகழ் பெற்றார்.

சண்டிகருக்கு வருவோம். 1966 நவம்பர் 1ஆம் நாள் முதல் அது மத்திய ஆட்சிப் பகுதி. பஞ்சாபுக்கும் அரியானாவுக்கும் பொதுத் தலைநகரம். மக்கள் தொகை முதலிற் கணக்கிட்ட 5,00,000ஐத் தாண்டி எப்போதோ இரட்டித்துவிட்டது. 2016இல் அதன் தலைமைக் கட்டடத் தொகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. ஜானரே ஏழை அலுவலகங்களுக்காக வடிவமைத்த பிரம்பு நாற்காலிகளோ, பழுதுபட்டவை என்று மூலையில் குவிக்கப்பட்டு, சில்லறை விலைக்கு ஏலம் போய், அயல்நாட்டு ஏலக்கூடங்களில் பெருந்தொகைக்கு விலையாயின. அதன் பின்னரே நாம் விழித்தோம். 2011இல் அவற்றை விற்கலாகாது என்று மத்திய அரசு ஆணையிட்டது. கலைஞரை அமர்த்தத் தெரிந்த நாம், அவர் செய்து வைத்ததைக் காக்கக் கற்றுக்கொள்ள ஐம்பதாண்டுக்கு மேல் ஆயிற்று.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் நமக்குத் தோன்றுவது இதுதான். தாப்பரும் வர்மாவும் செய்த பெருஞ்செயல் உலகப் புகழ் பெற்ற ஒருவரைப் பிடித்து வந்தது மட்டுமன்று. அவர் எவ்வளவு பெரியவராயினும், மனையில் ஒருவர் குடியிருந்தாலன்றிக் கையொப்பமிட மாட்டோம் என்று நின்றார்களே, அது. மேதை வந்து போகலாம். வீடு கட்டுவதற்கு உடனிருப்பவர் வேண்டும். ஊரில் வீடு கட்டும் நம்மவர் நகரத்து வல்லுநரிடம் அழகான வரைபடம் வாங்கிவிட்டதோடு அமைதி கொள்ளாமல், அதை நாள்தோறும் பார்த்து நிற்க யாரை வைத்திருக்கிறோம் என்று முதலில் கேட்டுக்கொள்வது நலம். அவருக்குக் கொடுக்கும் கூலியில் கணக்குப் பார்ப்பதும் சிக்கனமாகாது.

இன்னொன்றும் உண்டு. நாமும் ஒரு வகையில் வேற்றூரார் அழைத்து அமர்த்திய ஆட்களே. கணக்கெழுதவும், பாடஞ் சொல்லவும், இரயிலோட்டவும், எந்திரம் இயக்கவும், நோய் தீர்க்கவும் தமிழ்நாட்டை விட்டுப் பிற மாநிலங்களுக்கு வந்தவர்கள். சிலர் தவணை முடிந்து ஊர் திரும்புவர். சிலர் இங்கேயே தங்கிவிடுவர். இரண்டிலும் தவறில்லை. சண்டிகரில் மாலை நேரத்தில் சுக்னா ஏரிக்கரையில் உலவும் நம்மவர்க் குடும்பங்கள் பல உண்டு. அடுத்த முறை அக்கரையில் நிற்கும்போது, அந்த நீரில் கலந்துள்ள ஒரு வேற்றூராரை நினைத்துக்கொள்வோமாக. அவருக்கு அந்த ஊர் மொழி முழுதும் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. அவர் இருந்தார் என்பதை அந்த ஊர் மறக்கவில்லை.